ஜானவாசத்துக்கு டர்போ

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை சொஜ்ஜியைத் தொடவில்லை. பெண்ணை இரண்டு தடவை பார்த்தான். வாசலில் தார்ப்பாயை விலக்கிக் காட்டிய காரை மூன்று தடவை பார்த்தான். கிளம்புகிற சமயத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, இதுக்கு டர்போ போடறதா உத்தேசமா, சூப்பர்சார்ஜரா?" என்று கேட்டான். பதில் வருவதற்குள் அவன் அப்பா, ராகுகாலம் வந்துவிடும் என்று எல்லோரையும் டாக்ஸிக்குள் திணித்துக்கொண்டு கே.கே. நகருக்குப் போய்விட்டார்.

1997ஆம் வருஷம் தை மாதத்தில் நடந்தது இது. ஸ்ரீனிவாசராகவனுக்குத் தூக்கம் போனது அன்றைக்குத்தான்.

மயிலாப்பூரில் கேசவப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அவர் வீடு. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்துமூன்று வருஷம் உத்தியோகம் பார்த்து, முந்தின வருஷம்தான் மாலை போட்டு அனுப்பியிருந்தார்கள். கார் அவருடைய அப்பா காலத்தது. சிவப்பு நிறம், கூரை கிடையாது, சீட் இரண்டே இரண்டு. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி மானேஜரிடம் வக்கீலான அப்பா வாங்கியது. ஸ்போர்ட்ஸ் கார் என்று பேர். அறுபது குதிரை சக்தி என்று அதன் புஸ்தகத்தில் போட்டிருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் அந்தக் குதிரைகளில் பாதி காலமாகிவிட்டன. வருஷத்துக்கு ஒரு தரம் ஆயுத பூஜைக்கு மறுநாள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கி, தெருக்கோடி வரை போய்த் திரும்பும்.

அந்தக் காருக்கு இன்னொரு உறுப்பு சேர்க்கலாம் என்று ஸ்ரீனிவாசராகவன் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் கேட்டவன் கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அனிருத். பெண் சாருலதாவைக் கடல் தாண்டி அவனோடு அனுப்ப வேண்டும். அங்கே அவளுக்கு அண்ணனா தம்பியா, ஓடிப் போய் விழ அத்தை வீடா? அவன் கண்ணில் தான் ஒரு அசடாகத் தெரியக் கூடாது, அப்பன் அசடு என்று ஒரு தரம் முடிவு கட்டிவிட்டால் பெண்ணையும் அந்த லட்சணத்தில்தானே நடத்துவான் என்று அவர் கணக்குப் போட்டார். கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். கல்யாணத்துக்கு வரும்போது பதில் தயாராக இருக்க வேண்டும்.

போதாக்குறைக்குச் சம்பந்தி ஒரு வாரம் கழித்து டெலிபோன் செய்தார். சீர் வேண்டாம், செனத்தி வேண்டாம், எங்களுக்கு ஒரே ஒரு ஆசைதான் என்றார். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து, நாதஸ்வரத்தோடு மண்டபத்துக்கு அழைத்து வருகிற ஜானவாசம் இருக்கிறதே, அதை அந்தச் சிவப்புக் காரிலேயே நடத்திவிட வேண்டும். ஸ்ரீனிவாசராகவன் பேஷாக நடத்திவிடலாம் என்று சொல்லிவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவர் மனைவி ஜெயலக்ஷ்மி பாட்டு டீச்சர். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏன்னா, நாயனக்காரர் நடக்கற வேகத்துல போகப்போற காருக்கு எதுக்கு இதெல்லாம்?"

அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் மற்றதையெல்லாம் பேச ஆரம்பித்தார்கள்.

பேசிய இடம் நாகேஸ்வர ராவ் பூங்கா. தினமும் காலையில் அங்கே நடக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு உட்காரப் போகிறவர்களில் இரண்டு பேர் விஷயம் தெரிந்தவர்கள். ஒருவர் சுவாமிநாதன், ரயில்வே டீசல் ஷெட்டில் ஃபோர்மனாக இருந்து ரிடையர் ஆனவர். டீசல் எஞ்சினில் டர்போ உண்டு. ஆகவே உலகத்தில் டர்போதான் உண்டு. இன்னொருவர் பஞ்சாட்சரம், விமானப் படையில் பழைய விமானங்களின் எஞ்சினைக் கழுவித் துடைத்தவர். அந்த விமானங்களில் சூப்பர்சார்ஜர் இருந்தது. ஆகவே டர்போ என்பது பாமரர்கள் சமாச்சாரம்.

இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான், எஞ்சினுக்குள் காற்றைக் கூடுதலாகத் திணிப்பது. டர்போ, எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்திலேயே சுற்றிக்கொள்ளும். செலவில்லாத வேலை, ஆனால் வண்டி நன்றாக வேகம் பிடித்த பிறகுதான் தூக்கம் கலைந்து எழுந்திருக்கும். சூப்பர்சார்ஜர், பெல்ட் போட்டு எஞ்சினோடு கட்டிய சாமான். பெடலில் காலை வைத்த உடனே வேலை செய்யும், ஆனால் எஞ்சினின் பலத்தில் தன் பங்கைத் தின்றுவிட்டுத்தான் செய்யும். வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி என்று சுவாமிநாதன் ஏளனம் செய்தார். அந்த வசதியாவது உண்டே, உங்கள் டர்போ பந்தி முடிந்த பிறகு வருகிற விருந்தாளி என்று பஞ்சாட்சரம் திருப்பிக் கொடுத்தார்.

இவர்கள் இரண்டு பேர் மட்டும் பேசியிருந்தால் ஒரு வாரத்தில் அலுத்திருக்கும். ஆனால் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று கோர்ட் படி ஏறிய வம்சத்தில் வந்தவர்கள் பூங்காவில் பாதிப் பேர். பங்குனி மாதத்துக்குள் டர்போவுக்கு ஒரு பெஞ்ச், சூப்பர்சார்ஜருக்கு ஒரு பெஞ்ச் என்று ஆகிவிட்டது. ஸ்கூட்டர்கூட வைத்திராதவர்கள் கட்சி சேர்ந்தார்கள். சங்கீத விமரிசனம் எழுதுகிற ஒருவர், சூப்பர்சார்ஜரில் ஒரு சம்பிரதாய சுத்தம் இருக்கிறது என்றார். பல் டாக்டர் ஒருவர் அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு எதிர் பெஞ்சுக்கு எழுந்து போனார். ஸ்ரீனிவாசராகவன் ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று மாறி மாறி உட்கார்ந்து, இரு தரப்பிலும் தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஆபீஸில் முப்பத்துமூன்று வருஷமாக எந்தக் காகிதம் வந்தாலும் 'பரிசீலிக்கலாம்' என்று எழுதி அடுத்த மேஜைக்குத் தள்ளிய கை அது. இப்போதுதான் அடுத்த மேஜை என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது.

காரை உண்மையில் தொட்டுப் பார்த்த ஒரே மனிதர் வலியுல்லா. மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தார். ஐம்பது வயசு, அதில் நாற்பது வருஷம் எஞ்சினுக்குள்ளேயே கழிந்தது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியதும், பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்யச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"அதுக்கு இழுப்பு கீது சார். இழுப்பு வந்தவன் வாயில பம்பு வெச்சு ஊதுவாங்களா? பிஸ்டன் ரிங் தேஞ்சு பூட்ச்சு, ரேடியேட்டர் அடைச்சிக்கினு கீது. ரெண்டையும் பார்த்தா காஞ்சிபுரம் போய்ட்டு வரலாம். டர்போவும் வாணாம், இன்னொண்ணும் வாணாம்."

ஸ்ரீனிவாசராகவன் அதையும் பரிசீலிப்பதாகச் சொன்னார். ரிங் மாற்றினேன் என்று கலிபோர்னியா மாப்பிள்ளையிடம் எந்த முகத்தோடு சொல்வது?

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, முடிவு மட்டும் வரவில்லை. கல்யாணம் ஆவணி இரண்டாம் வாரம். நடுவில் ஆடி வருகிறது, ஆடியில் எந்தக் காரியத்தையும் ஆரம்பிக்கக் கூடாது. கல்யாணத்தை நடத்திவைக்கப் போகிற வாத்தியாரைக் கேட்டதில், ஆனியில் கடைசி முகூர்த்தம் ஒன்று இருக்கிறது, அன்றைக்கு எஞ்சினைத் திறந்துவிட்டால் வேலை ஆரம்பித்ததாகக் கணக்கு, பிறகு ஆடியில் தொடரலாம், தோஷமில்லை என்றார். அதன்படி ஸ்பானருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் எஞ்சினின் தலையைக் கழற்றச் சொன்னார்கள். எதை மாட்டுவது என்று தெரியாமல் எதற்குக் கழற்றுவது என்று வலியுல்லா கேட்டார். ஆரம்பித்தால் போதும், முடிவு தானாக வரும் என்று அவருக்குச் சமாதானம் சொல்லப்பட்டது. அவர் பிஸ்மில்லா சொல்லிக் கழற்றினார்.

ஆடி முழுக்க எஞ்சின் பழைய வேட்டி ஒன்றின் மேல் பிரித்துப் போட்டபடி கிடந்தது. சும்மா கிடக்கிற நேரத்தில் ரிங்கையாவது மாற்றிவிடுகிறேனே என்று வலியுல்லா இரண்டு தடவை ஆள் அனுப்பினார். வாத்தியார் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, ஆனியில் ஆரம்பித்தது காற்றடிக்கிற வேலை, ரிங் என்பது புது வேலை, ஆடியில் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த எஞ்சினுக்குத் தேவையாக இருந்த ஒரே வைத்தியம் இப்படியாக சாஸ்திரோக்தமாகத் தள்ளிப்போனது.

இதற்குள் இரண்டு பெஞ்சும் சாமானோடு வந்துவிட்டன. சுவாமிநாதன் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து, ஒரு வேன் எஞ்சினிலிருந்து கழற்றிய டர்போவைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். பஞ்சாட்சரம், மூடிப்போன ஒரு அச்சகத்தில் காகிதம் தூக்குவதற்காக வைத்திருந்த காற்று இயந்திரத்தை ஆட்டோவில் ஏற்றி வந்து, சூப்பர்சார்ஜரும் இதுவும் கூடப் பிறந்தவை என்றார். இரண்டும் வலியுல்லாவின் பட்டறையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்தன. ஒன்றை எடுத்தால் ஒரு நண்பர் போவார். ஸ்ரீனிவாசராகவனுக்கு ரத்த அழுத்தம் ஏறியது.

கடைசியில் பெருமாள் மேலேயே பாரத்தைப் போட்டார். ஆவணி பிறந்த அன்று காலையில் தாயார் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தார்கள். டர்போவுக்கு வெள்ளை நந்தியாவட்டை, சூப்பர்சார்ஜருக்குச் சிவப்பு அரளி. சேவிக்க வந்த யாரோ ஒரு குழந்தை பொட்டலத்தை எடுத்தது. அரளி. பஞ்சாட்சரம் தாயாரின் திருவடியைப் பார்த்துக் கண் கலங்கினார். சுவாமிநாதன், அரளிப் பொட்டலம் பெரிதாகக் கட்டப்பட்டிருந்தது என்று ஆட்சேபம் தெரிவித்துவிட்டு, பிரசாதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள்தான் பாக்கி. அச்சகத்து இயந்திரத்தை எஞ்சினோடு பெல்ட் போட்டுக் கட்டுவதற்கே எட்டு நாள் சரியாகப் போய்விட்டது. ரிங்குக்கும் ரேடியேட்டருக்கும் நேரம் இல்லை. வண்டியைப் பட்டினப்பாக்கத்துப் பக்கம் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்ரீனிவாசராகவன் மெல்லத்தான் காலை வைத்தார். கார் ஒரு ஊளையிட்டு எகிறியது. ரோட்டோரம் கூடை வைத்திருந்த மீன்காரம்மா ஒருத்தி கூடையோடு பின்னால் சாய்ந்துவிட்டு, "இன்னா நைனா, ரோட்டு மேல ஓட்டுவியா, மீனு மேல ஓட்டுவியா?" என்று ஆரம்பித்து, அதற்கு மேல் சொன்னதெல்லாம் அவருக்குப் புதிய தமிழாக இருந்தது. ஆனாலும் காற்று முகத்தில் அறைந்த அந்த அரை நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சிரித்தார். இத்தனை வயசுக்கு அந்தக் காரில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வலியுல்லா சிரிக்கவில்லை. அவர் கண் உஷ்ணம் காட்டுகிற முள்ளின் மேலேயே இருந்தது. "ஓடினா காத்து பட்டு தாங்கிக்கும் சார். நடக்க வுட்டா கொதிச்சிடும்" என்றார். ஊர்வலத்தில் ஒரு கேன் தண்ணீரோடு கூடவே வரும்படி ஸ்ரீனிவாசராகவன் அவரைக் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான் முன்ஜாக்கிரதை.

ஜானவாசம் லஸ் ஆஞ்சநேயர் கோயிலில் ஏழு மணிக்குப் புறப்பட்டது. மண்டபம் சித்திரக்குளத்துப் பக்கம். முன்னால் நாதஸ்வர கோஷ்டி, அதற்குப் பின்னால் சம்பந்தியும் அவர்கள் மனுஷாளும், பிறகு கார், காருக்குப் பின்னால் பெண்டுகள், இரண்டு பக்கமும் தலையில் விளக்கு சுமந்து வருகிறவர்கள். கோட்டு சூட்டும் மாலையுமாக அனிருத் இடது சீட்டில். ஸ்டீரிங்கில் பெண்ணின் தகப்பனாரே. சம்பந்தி வீட்டுக் கிழவர் ஒருவர், மாமனாரை டிரைவராக்கின முதல் ஜானவாசம் இது என்றார். ஸ்ரீனிவாசராகவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

லஸ் கார்னர் திரும்புவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. வித்வான் தோடியை எடுத்தால் கார் அதற்கு மேல் ஒரு ஸ்தாயியில் ஊளையிட்டது. அவர் வாசிப்பை நிறுத்தி ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பார்வையே போதுமானதாக இருந்தது. பெடலைப் பெருவிரலால் தொட்டால்கூட வண்டி பாய்ந்தது. தவில்காரர் மூன்று தடவை துள்ளினார். மூன்றாவது துள்ளல் தாளத்தில் இல்லை. பின்னால் பன்னிரண்டு பி பஸ் வேறு ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்ரீனிவாசராகவனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முள் ஏறிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை பக்கம் திரும்பவே அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

தெப்பக்குளத்து மேலண்டைக் கரையில் வரும்போது பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதோடு ஊளை நின்றது, எஞ்சினும் நின்றது.

முன்னால் போகிறவர்களுக்கு எதுவும் தெரியவில்லை, வாசித்துக்கொண்டே போனார்கள். வலியுல்லா கேனைக் கீழே வைத்துவிட்டு, பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, துக்கம் விசாரிக்கிற குரலில், "கேஸ்கெட் பூட்ச்சு சார். இனிமே ஸ்டார்ட் ஆவாது. நியூட்ரல்ல போட்டு ஸ்டீரிங்க மட்டும் புட்சிக்கோங்க, மத்தத நாங்க பார்த்துக்கறோம்" என்றார்.

பார்த்துக்கொண்டவர்கள் மூன்று பேர். நடுவில் வலியுல்லா, இடப்பக்கம் பஞ்சாட்சரம், வலப்பக்கம் சுவாமிநாதன். சுவாமிநாதனுக்கு முதலில் முகம் மலர்ந்துதான் இருந்தது. தள்ள ஆரம்பித்ததும் வாடியது. டர்போவாக இருந்தால் இந்த வேகத்தில் சாதுவாகத் தூங்கிக்கொண்டு வந்திருக்கும் என்று அவர் மூச்சிரைக்கச் சொல்ல, சாமானில் குறையில்லை, பெல்ட்டில்தான் குறை என்று பஞ்சாட்சரம் மூச்சிரைக்க மறுத்தார். ஜெயலக்ஷ்மி நிலைமையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். விளக்குக்காரர்களையெல்லாம் மாப்பிள்ளை முகம் தெரிய வேண்டாமா என்று அதட்டி முன்னால் அனுப்பினாள். காரின் பின்பக்கம் இருட்டானது. தள்ளுகிறவர்களுக்குப் பின்னால் தன் பாட்டு மாணவிகளைப் புடவைத் தலைப்போடு வரிசையாக நிற்க வைத்து மறைத்தாள்.

அதற்கப்புறம் அந்த ஜானவாசத்துக்கு ஒரு களை வந்தது. கார் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. தோடி முதல் தடவையாகத் தோடியாகக் கேட்டது. குளத்தங்கரையில் பூ விற்கிறவர்கள் எழுந்து நின்று, ஃபாரின் வண்டி என்றால் ஃபாரின் வண்டிதான் என்று பேசிக்கொண்டார்கள். சம்பந்தி திரும்பிப் பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தார்.

மற்றவர்களை ஏமாற்றலாம், உள்ளே உட்கார்ந்திருக்கிறவனை ஏமாற்ற முடியுமா? தெற்கு மாடவீதி திரும்பும்போது ஸ்ரீனிவாசராகவனுக்குத் தாங்கவில்லை. முன்னால் பார்த்தபடியே மெல்லச் சொன்னார். "மாப்பிள்ளை, மன்னிச்சுடணும். நீங்க கேட்ட நாள்லேர்ந்து யோசிச்சு, சூப்பர்சார்ஜர்தான் போட்டேன். தப்பாப் போயிடுத்து. நீங்க எதை மனசுல வெச்சுண்டு கேட்டேள்?"

அனிருத் மாலையிலிருந்து ஒரு இதழைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"மாமா, அப்பா கிட்ட சொல்லிடாதேங்கோ. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அங்கே பஸ்லதான் ஆபீஸ் போறேன். பெண் பார்க்க வரச்சே ஃப்ளைட்ல ஒரு பத்திரிகை இருந்தது, அதோட அட்டையில அந்தக் கேள்வியைத்தான் போட்டிருந்தான். உள்ளே படிக்கக்கூட இல்லை. உங்காத்து வாசல்ல காரைப் பார்த்ததும், உங்களோட எதாவது பேசணுமேன்னு கேட்டுட்டேன். என்னை அசடுன்னு நினைச்சுடுவேளோன்னு பயமா இருந்தது."

ஸ்ரீனிவாசராகவன் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். ஏழு மாதம். இரண்டு பெஞ்ச், ஒரு பஞ்சாங்கம், ஒரு அச்சகத்து இயந்திரம், காலமான ஒரு எஞ்சின். எல்லாம் ஒரு பத்திரிகை அட்டைக்கு. கோபம் வந்திருக்க வேண்டும். அதற்காகக் கொஞ்சம் காத்துக்கூடப் பார்த்தார், வரவில்லை. நெஞ்சில் இத்தனை நாளாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய், அந்த இடம் லேசாகிவிட்டது. இப்படிப் பயப்படத் தெரிந்தவன் தன் பெண்ணைப் பயமுறுத்த மாட்டான் என்று பட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒரு கையை எடுத்தால் வண்டி சாக்கடைப் பக்கம் போய்விடும் என்பதால் அப்படியே வந்தார்.

மண்டப வாசலில் வண்டி தானாக நிற்கிற மாதிரி நின்றது. மூன்று பேர் பின்னால் இருட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆரத்தித் தட்டுகள் வந்தன. சம்பந்தி காரைச் சுற்றி வந்து, பானெட்டைத் தடவப் போய், சுட்டதும் கையை உதறிக்கொண்டார். "நடுவுல ஒரு தரம் கியர் மாத்தினேள் போல இருக்கு, அப்புறம் பட்டு மாதிரி வந்துது. எதைத்தான் போட்டேள் ஓய்? டர்போவா, மத்ததா?"

அனிருத்தின் முகத்தில் ரத்தமில்லை. ஸ்ரீனிவாசராகவன் அவனைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை கேட்டதைத்தான் போட்டேன்."

"அப்படிச் சொல்லும். வண்டி விஷயத்துல அவன் புலி" என்று சம்பந்தி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

புலி, கதவை எந்தப் பக்கம் இழுத்தால் திறக்கும் என்று தெரியாமல் உள்ளே தடவிக்கொண்டிருந்தது. ஸ்ரீனிவாசராகவன் இறங்கிச் சுற்றி வந்து, அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, கையைக் கொடுத்தார். உள்ளே, கல்யாணத்தைச் சபையறிய உறுதி செய்கிற லக்னப் பத்திரிகையை மஞ்சள் தடவி, வாசிக்கத் தயாராக வைத்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் எப்போதோ சொல்லியாகிவிட்ட அந்தக் கல்யாணத்துக்குப் பெண்ணின் தகப்பனார் மனசு சம்மதித்து ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.